மூன்றாவது ஜன்னல்

தெருங்வாவுக்கு அந்த ஆண்டு இருபத்தொன்பது வயது. முதலாண்டு மாணவர்களான எங்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது. ஆனாலும் பொருளாதாரம் 101-ஐ அவர் எங்களோடுதான் படித்தார், ஆறாவது முறையாக. சமூகவியலில் மற்ற பாடங்கள் எல்லாவற்றையும் அவர் எப்போதோ முடித்துவிட்டார். கலை, சமூக அறிவியல் பிரிவில் சேருகிற எவரும் தப்பமுடியாத இந்த ஒரு அடிப்படைப் பாடம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. நான்காண்டுப் பட்டத்தை ஆறாண்டுக்குள் முடிக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். இது ஆறாவது ஆண்டு.

முதல் தடவை தேர்வு வாரத்தில் அப்பாவைப் புதைக்க ஊருக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவை இந்தத் தேர்வும் அவருடைய இரண்டாம் ஆண்டுத் தேர்வும் ஒரே நாள், ஒரே மணி. மூன்றாம் தடவை எழுதிய விடைத்தாள் காணாமல் போனது. நான்காம் தடவை முப்பத்தெட்டு, நாற்பது வேண்டும். ஐந்தாம் தடவை தேதியை மாற்றிய அறிவிப்பை வேறொரு கட்டடத்துப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். இதையெல்லாம் அவர் சொல்லும்போது வேறு யாருக்கோ நடந்தது போலிருக்கும். கடைசியில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்: "எங்கம்மா சுவத்துல ஒரு ஆணி அடிச்சு வச்சிருக்கா. பட்டம் வாங்கிட்டு ஒரு வருசம் தேச சேவைக்குப் போவாங்கல்ல, அந்தக் காக்கி உடுப்புல எடுத்த போட்டோ மாட்டுறதுக்கு. ஆணி துருப்பிடிச்சுப் போச்சு. போட்டோதான் வரல."

முப்பது வயது தாண்டினால் அந்தச் சேவைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பென்யூ ஆற்றங்கரை நகரமான மகுர்தியில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கில் நானூறு பேர் உட்காரலாம். பாடத்துக்குப் பதிவு செய்திருந்தவர்கள் ஆயிரத்து இருநூற்று நாற்பது பேர். விடியுமுன் வந்து இடம் பிடித்தவர்கள் உள்ளே. மற்றவர்கள் சுவரோரமாகவும் வேப்பமரத்தடியிலும். பாடம் நடத்தும் டாக்டர் அடாக்போவுக்கு வயதாகிவிட்டது. மைக் கெட்டு மூன்று ஆண்டாகிறது. அவர் குரல் பத்தாவது வரிசையைத் தாண்டாது.

அதனால்தான் மூன்றாவது ஜன்னல். கண்ணாடிப் பட்டைகள் உதிர்ந்துபோய்ச் சட்டம் மட்டும் நிற்கிற ஜன்னல். அதன் கீழே ஒரு சிமென்ட் கல். தெருங்வா அந்தக் கல்லில் ஏறி, தலையை உள்ளே நீட்டிக் கேட்பார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சொல்வார். மறுபடி உள்ளே. மறுபடி எங்களுக்கு. விடியற்காலையில் பென்யூ ஆற்றில் மூழ்கி வாளியில் மணல் அள்ளிப் படகில் கொட்டிவிட்டு வருகிறவர். காதோரத்தில் மணல் காய்ந்திருக்கும். நாங்கள் அவரை ஜன்னல் புரொபசர் என்று கூப்பிட்டோம். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

"உள்ள என்ன சொல்றார்னா, எல்லாத்தையும் வச்சுக்க முடியாது, ஒண்ண எடுத்தா இன்னொண்ண விடணும். இதத் தெரிஞ்சுக்க பல்கலைக்கழகத்துக்கு வரணுமா? நம்ம அம்மாங்க அடுப்படியிலயே சொல்லிட்டாங்க. சர்டிபிகேட் மட்டுந்தான் தரல."

சிரிப்பு எழும். உள்ளேயிருந்து யாராவது ஜன்னல் பக்கம் திரும்பி முறைப்பார்கள்.

நான் மரத்துக்குப் பின்னால் நின்று எழுதிக்கொள்வேன். ஒருநாள் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நீதான் எல்லாத்தையும் எழுதுறே. ஒரு கேள்வி கேட்டா என்ன, வாய்க்குள்ள ஈ பூந்துடுமா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டைப் பார்த்தேன்.

வாய்ப்புச் செலவு என்ற பாடம் மூன்றாவது வாரத்தில் வரும். அன்று பத்து மணிக்கு மின்சாரம் போனது. ஜன்னலுக்குப் பின்புறமிருந்த ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. தெருங்வா உள்ளே தலைநீட்டி வெகுநேரம் நின்றார். அடாக்போவின் உதடு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆறு வருசமா இந்த எடத்துக்கு வந்ததும் கரண்ட் போகுது," என்றார் திரும்பி. "பரவால்ல, நான் சொல்றேன். சீம்பெர்னு ஒரு பொம்பள. ஒரே ஒரு படகு வச்சிருக்கா. அதுல அக்கரைக்குக் கிழங்கு ஏத்தலாம். இல்ல, மணல் அள்ளலாம். இல்ல, மீன் பிடிக்கிறவனுக்கு வாடகைக்கு விடலாம். அவ கிழங்கு ஏத்துறா. அப்ப அவ விட்டது என்ன?"

"மணலும் மீனும்," என்றது ஒரு குரல்.

"அந்த ரெண்டையும் கூட்டு. அதான் அவ குடுத்த விலை. எழுதிக்க."

எழுதிக்கொண்டோம். அது தவறு. அவளிடம் இருப்பது ஒரு படகு. அதை ஒரே நேரத்தில் மணலுக்கும் மீனுக்கும் விட்டிருக்க முடியாது. கைவிட்டவற்றில் எது மேலானதோ அது ஒன்றுதான் வாய்ப்புச் செலவு. மற்றவை கணக்கில் வராது. தேர்வு முடிந்த பிறகு, அரங்குக்குள் உட்கார்ந்து கேட்ட ஒச்சான்யா என்ற வகுப்புத் தோழியின் நோட்டில்தான் இதைப் பார்த்தேன். தெருங்வாவுக்கு முப்பத்தெட்டு வந்தது ஏன் என்றும் அப்போது விளங்கியது. யாரும் அவருக்கு விடைத்தாளைக் காட்டியதில்லை.

ஆனால் அவரால் அப்படித்தான் நினைக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. இந்தப் பட்டத்துக்காக அப்பாவின் கிழங்குக் காட்டைச் சித்தப்பாவிடம் விட்டிருந்தார். ஆசிரியர் பயிற்சிக்குக் கிடைத்த இடத்தை விட்டிருந்தார். அவருக்காக நான்கு வருடம் காத்திருந்த ஒரு பெண் போன ஆண்டு க்போகோ என்ற ஊரில் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். இவற்றில் மேலானது எது என்று கேட்டால் அவர் சொல்லியிருக்க மாட்டார். எல்லாவற்றையும் கூட்டியிருப்பார்.

ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று புழுதி வீசிக்கொண்டிருந்த ஜனவரியில் தேர்வு நடந்தது. வாய்ப்புச் செலவை எடுத்துக்காட்டுடன் விளக்குக என்று ஒரு கேள்வி. வெளியே வந்தபோது தெருங்வா அரங்க வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "படக எழுதுனியா? எழுதுனியா?" அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை.

மார்ச்சில் முடிவுக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு வந்தது. இருநூற்றுப் பதின்மூன்று எண்கள். அத்தனை விடைத்தாளிலும் ஒரே படகு, ஒரே சீம்பெர், ஒரே பிழை. அடாக்போ வாழ்க்கையில் ஒருமுறைகூட வகுப்பில் படகைப் பற்றிப் பேசியதில்லை. கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்த யாரோ மாதிரி விடை தயாரித்து விநியோகித்திருக்கிறார்கள் என்று விசாரணைக் குழு முடிவு கட்டியது. யார் என்று கண்டுபிடிக்க அவர்கள் சிரமப்படவில்லை. தெருங்வா தானே போய்ச் சொன்னார்.

அங்கே நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். "ஜன்னல்ல நின்னு பாடம் சொன்னேன் சார், வெளிய நிக்கிற புள்ளைங்களுக்குன்னேன். ஒருத்தர் பதிவேட்டப் பொரட்டிப் பாத்துட்டு, 'வெளிய யாருமே இல்லையே, ஆயிரத்து இருநூத்தி நாப்பது பேரும் உள்ள இருந்ததா கையெழுத்து இருக்கே' ங்கிறார். அரங்கத்துல நானூறு நாற்காலிதான சார்னேன். 'போன வருசம் அங்கீகார ஆய்வுக்கு வந்தவங்ககிட்ட ஆயிரத்து முன்னூறு நாற்காலின்னு எழுதிக் குடுத்திருக்கோம்' ங்கிறார். நான் என்னத்தச் சொல்ல?"

வருகை எழுபத்தைந்து சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. பதிவேடு அரங்குக்குள்தான் சுற்றும். உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களுக்காகக் கையெழுத்துப் போடுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். அடாக்போவுக்கும்.

"அடாக்போ சார் மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார். 'ஒரே ஒரு மாணவன் வந்து நான் வெளிய நின்னேன்னு எழுதிக் குடுத்தா போதும், மத்தத நான் பாத்துக்கிறேன்' னு. இருநூத்திப் பதிமூணு பேர்ல ஒருத்தன், தம்பி." சூடான அகாரா வடையை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினார். "நீ பேசமாட்டேன்னு தெரியும். எழுதுவேல்ல?"

"எழுதுறேண்ணே."

"ரெண்டே வரி. வெளிய நின்னேன். ஜன்னல்ல கேட்டேன்."

"சரிண்ணே."

மறுநாள் விசாரணை அறைக்கு வெளியே நீண்ட வரிசை. ஒச்சான்யா என்னைத் தூணோரம் இழுத்துப்போனாள். எங்கள் ஊர்க்காரி. எப்போதும் முதல் வரிசையில் இருப்பவள்.

"என்ன எழுதப்போறே?"

நான் பேனா மூடியைத் திருகினேன்.

"வெளிய நின்னேன்னு எழுதுவே. அப்ப உள்ள உன் பேர்ல கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்க. யாரு போட்டா?"

"நீ."

"பதினோரு பேருக்குப் போட்டேன். நாலு பேனா மாத்தி மாத்தி. யாரும் எனக்கு நன்றிகூடச் சொன்னதில்ல." அவள் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்ல இந்த வாசல மிதிச்ச மொத ஆளு நாந்தாண்டா. அந்தாளுக்கு இருபத்தொம்பது வயசு. அவரு பாத்துக்குவாரு."

உள்ளே ஒரு மேசை, ஒரு எழுத்தர், ஆளுக்கொரு தாள். தாளில் இரண்டு கேள்விகள். விரிவுரையின்போது எங்கே இருந்தீர்கள்? படகு எடுத்துக்காட்டை யாரிடமிருந்து பெற்றீர்கள்? மேசையில் பதிவேடு மூன்றாவது வாரத்தில் திறந்து கிடந்தது. என் பெயருக்கு எதிரே வால் நீண்ட ஓர் அழகான கையெழுத்து. என் எழுத்துக்கு ஒருநாளும் அப்படி ஒரு வால் இருந்ததில்லை.

"சீக்கிரம்," என்றார் எழுத்தர். "பின்னால நூறு பேரு நிக்கிறாங்க."

முதல் கேள்விக்கு எழுதினேன்: அரங்கின் உள்ளே, நான்காவது வரிசையில். இரண்டாவதற்கு எழுதினேன்: தெருங்வா. இரண்டாவது உண்மைதான். முதல் விடையை மட்டும் சரியாக எழுதியிருந்தால் அந்தப் பெயர் அவரைக் காப்பாற்றியிருக்கும். அந்தப் பொய்க்குக் கீழே வந்ததால் அது அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. கையெழுத்துப் போடும்போது நானும் ஒரு வால் சேர்த்தேன்.

இருநூற்றுப் பதின்மூன்று பேரும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருந்தார்கள். மறுபடியும் ஒரே விடை. இந்த முறை யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

தேர்வின் அந்த வாய்ப்புச் செலவுக் கேள்விக்கு எங்கள் எல்லோருக்கும் சுழியம் போட்டார்கள். எனக்கு நாற்பத்து மூன்று வந்தது. தேர்ச்சி. தெருங்வாவின் பெயருக்கு எதிரே மதிப்பெண் இல்லை, ஒரு நீண்ட கோடு. பலகையைச் சுற்றி நின்றவர்கள் தங்கள் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் ஆற்றுப் பக்கம் போகவில்லை. பிறகு போனேன். பழைய பாலத்துக்குக் கீழே, லாரிகள் நிற்கும் இடத்தில், தெருங்வா கரையேறிய படகிலிருந்து மணலை வாரி இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை மணலில் குத்தி நிறுத்தினார். உட்காரச் சொன்னார். ஓர் ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"எல்லாத்தையும் என் முன்னாடி வாசிச்சாங்க," என்றார். "ஒவ்வொரு பேராச் சொல்லி."

ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ நாலாவது வரிசைன்னு எழுதியிருக்கே."

"ம்."

"நாலாவது வரிசையில அஞ்சு வருசமா நாற்காலியே கெடையாதுடா. யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க. வெறும் போல்ட்டுதான் நீட்டிக்கிட்டு இருக்கும். உள்ள உக்காந்தவனுக்குத் தெரியும். ஜன்னல்ல நின்னவனுக்கும் தெரியும்." ஈரக் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டார். "சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நீ எழுதுனது பொய்யின்னு ஆயிடும். உன்னையும் அனுப்பிடுவாங்க. சரி, ஒருத்தனாவது அந்தப் பாடத்தத் தாண்டட்டும்னு விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் அதைக் கவனித்தார். ஆனால் இந்த முறை ஈ பற்றி எதுவும் சொல்லவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களாண்ணே?"

"இல்ல."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். தெருங்வா எழுந்து மண்வெட்டியைப் பிடுங்கினார். இரண்டு அடி போய்த் திரும்பினார்.

"இப்ப என்ன பாடம் நடக்குது?"

"அடுத்த பருவத்துப் பாடம்ணே, தேவை நெகிழ்ச்சி."

"அது கஷ்டமாச்சே. ஜன்னல்ல யாரு சொல்றா?"

"யாரும் இல்லண்ணே."

"அப்ப வெளிய நிக்கிறவங்க?"

"சும்மா நிக்கிறாங்க."

அவர் தலையாட்டினார். பிறகு மணலை வார ஆரம்பித்தார்.