இமாமுக்குப் பின்னால் ஃபேன் காற்று

தொழுகையின் நடுவில் இமாம் கையைப் பின்னால் நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தபோது, அடிக்கத்தான் இழுக்கிறார் என்று நம்பினேன். நாற்பத்தொன்பது வயதில், தொப்பையை உள்ளே இழுத்து, கண்ணை இறுக மூடி, முதல் குத்துக்காகக் காத்திருந்தேன். காரணம் இருந்தது. அரைமணி நேரம் முன்பு நடந்த அடிதடியைத் தொடங்கிவைத்ததே என் வாய்தான்.

எண்ணூர் சாலையில், கன்டெய்னர் யார்டு வாசலில் எனக்குப் பஞ்சர் கடை. யார்டுக்குள் பழைய கன்டெய்னர் ஒன்றின் பக்கவாட்டை வெட்டிப் பாய் விரித்திருக்கிறார்கள். அதுதான் எங்கள் தொழுகை இடம். சம்பள இமாம் கிடையாது. லாரி ஓட்டும் பெரியவர் ஒருவர் பல வருடமாகத் தொழவைத்துக்கொண்டிருந்தார். பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். முப்பது வயது, ஒல்லி, குர்ஆன் முழுக்க மனப்பாடம். அவ்வளவுதான், யார்டு இரண்டாகிவிட்டது. சட்டமும் ஓதலும் தெரிந்தவர்தான் முன்னால் நிற்க வேண்டும், வயதெல்லாம் அப்புறம் என்றார்கள் லோடுமேன்கள். இத்தனை வருடம் நின்றவரை இறக்க நீ யார் என்றார்கள் டிரைவர்கள்.

அன்று மதியம் லுஹர் தொழுகைக்கு லோடுமேன்கள் புதியவரை முன்னால் தள்ளினார்கள். பெரியவர் நகரவில்லை. லுஹருக்கு நாலு ரக்அத், அதாவது நாலு சுற்று. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"நாலு ரக்அத்துதான மாமு? ஆளுக்கு ரெண்டா பிரிச்சிக்கினா பேஜாரு தீந்துச்சு," என்றேன்.

ஒரு லோடுமேன் சிரித்துவிட்டான். "இன்னாடா இளிப்பு?" என்று பெரியவர் அவன்மேல் பாய, முழங்கை புதியவரின் மூக்கில் இறங்கியது. காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். அடுத்த நொடி வீல் ஸ்பேனர் ஒருவன் தாடையில் பட்டு, இரண்டு பல் இரும்புத் தரையில் உருண்டன. ஒரு டிரைவரின் தலையைத் தண்ணீர் டிரம்முக்குள் அமுக்கினார்கள், கால் உதைத்துக்கொண்டிருந்தது. மூட்டை தூக்கும் கொக்கி ஒன்று என் காதோரம் பறந்துபோய்க் கன்டெய்னர் சுவரில் மோதியது. நான் என்ன செய்தேன்? லாரி டயருக்குள் புகுந்து உட்கார்ந்து கலிமா சொன்னேன். பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

நிறுத்தியது புதியவர்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு, "நேரம் போய்க்கினு கீது. தொழுதுட்டு அடிச்சிக்கோங்க," என்றார்.

லோடுமேன்களின் மேஸ்திரி தன் கொக்கியைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பெரியவரைப் பார்த்தான். "தொழுது முடிச்சு சலாம் குடுக்கிற வரைக்கும்தான் நைனா. அப்பால உன் தோளு உன்னுது இல்ல."

ரத்தம் நின்றதும் புதியவர் கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு முன்னால் நின்றார். "நைனா, நீங்க எனக்கு நேர் பின்னால நில்லுங்க," என்று பெரியவரைக் கூப்பிட்டார். நேரம் தவறக் கூடாதே என்று பெரியவரும் முறைத்துக்கொண்டே வந்து நின்றார். அந்த இடத்துக்குத்தான் ஃபேன் காற்று நேராக வரும். இரும்புப் பெட்டி, உச்சி வெயில், போதாததற்குப் பயத்தில் வேர்வை வேறு. பெரியவரை ஓரடி நகர்த்திவிட்டு நான் அங்கே நுழைந்துகொண்டேன்.

இரண்டு ரக்அத் முடிந்தது. ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து வைத்து, மூன்றாவதற்கு எழும்போது இமாமின் மூக்கு மறுபடி உடைத்துக்கொண்டது. பாயில் சொட்டுச் சொட்டாக ரத்தம். எங்கள் சட்டப்படி ரத்தம் ஓடினால் ஒளு முறிந்துவிடும். இமாம் விலகி, பின்னால் நிற்பவர் ஒருவரைத் தன் இடத்துக்கு இழுத்துவிடலாம். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. ரத்தக் கை ஒன்று சட்டையைப் பிடித்தது, பொத்தான் தெறித்தது, அவ்வளவுதான் தெரியும். குத்து விழவில்லையே என்று கண்ணைத் திறந்தால் முகத்துக்கு நேரே இரண்டு விரல். கண்ணை நோண்டப் போகிறார் என்று நினைத்தேன். மீதி இரண்டு ரக்அத் என்று அர்த்தமாம். என்னை முன்னால் தள்ளிவிட்டு அவர் மூக்கைப் பொத்தியபடி வெளியே போய்விட்டார்.

எனக்கு முன்னால் சுவர். பின்னால் முப்பது பேர். வாசலில் கொக்கிகள். லுஹரில் சத்தமாக ஓத வேண்டியதில்லை என்பது பெரிய கருணை. என் பல் தந்தியடித்தது யாருக்கும் கேட்கவில்லை. தொழுகை முடிந்தால் பெரியவர் காலி என்பது மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் கடைசி ஸஜ்தாவில் தலையை வைத்தவன் வைத்தவன்தான். என்ன பக்தி என்று சிலர் உருகியிருக்கக்கூடும். பின்னாலிருந்து "சுப்ஹானல்லாஹ்" என்று எச்சரிக்கை வந்த பிறகுதான் எழுந்தேன்.

சலாம் கொடுத்தேன். மேஸ்திரி ஓடிப்போய்க் கொக்கியை எடுத்துக்கொண்டு வந்தான். பெரியவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. முதல் வீச்சு சட்டையோடு தோள் சதையையும் கிழித்தது. இரண்டாவதற்குக் கை உயர்ந்தபோது டிரம் பக்கமிருந்து புதியவர் ஓடிவந்தார், மூக்கில் துணியோடு.

"டேய், நான் அவரத்தான்டா இழுத்தேன்! கண்ணெல்லாம் தண்ணி, ஒண்ணியும் தெரில. இந்தப் பஞ்சர் கட பாய் சட்ட கையில மாட்டிக்கினு வந்துச்சு. மீதி ரெண்டும் அவுருதுடா!"

கொக்கி மேலேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

இருவரையும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பெரியவருக்குத் தோளில் பதினொரு தையல். புதியவருக்கு மூக்கெலும்பு முறிவு. அவர் பின்னால் நீட்டிய கை பெரியவருக்கானது. காற்று வாங்க நான் குறுக்கே நின்றிருந்தேன்.