இடுப்பில் வைக்க எந்தப் பிஸ்டல்

நான் விளையாடுகிற வீடியோ விளையாட்டில் இடுப்பில் வைத்துக்கொள்ளச் சிறந்தது பெரிய வெள்ளி ரிவால்வர்தான் என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறது. இணையத்தில் பட்டியல் போட்டவர்கள் சொல்கிறார்கள், காணொளி போட்டவர்கள் சொல்கிறார்கள், என் மகளும் சொல்கிறாள். எல்லாரும் பிழை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். அந்த விளையாட்டில் முந்நூறு மணித்தியாலத்துக்கு மேல் போட்டிருக்கிறேன். கருத்துச் சொல்ல இது போதாதென்றால் வேறு என்ன வேண்டும்?

மகள் வேறு நகரத்துக்குப் படிக்கப் போனபோது கன்சோலை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அந்த வருடம்தான் என் கணவருக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்தார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன்: இந்த மனிசன் உயிரோடு வீட்டுக்கு வந்தால் உம்முடைய சொரூபத்தை என் வீட்டுக்கு வரவழைத்து ஒன்பது நாள் செபமாலை சொல்லுவேன். மன்னாரிலிருந்து வந்த நாங்கள் இங்கேயும் அந்த வழக்கத்தை விடவில்லை. எங்கள் கோயிலின் செபமாலைக் குழுப் பெண்கள் சொரூபத்தை, மாதாவின் சிலையை, வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். பெயர் கொடுத்துவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அவர் வீட்டுக்கு வந்தார். மத்தியானம் மாத்திரை போட்டுவிட்டு சோபாவில் நித்திரையாகிவிடுவார். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. அதனால் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு விளையாடத் தொடங்கினேன். அந்த மாதங்களில் என்னை விழாமல் பிடித்து வைத்திருந்தவை இரண்டு. ஒன்று செபமாலை, மற்றது கண்ட்ரோலர். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அழிந்துபோன ஓர் உலகத்தில் நடக்கிற கதை அது. முதலில் உங்களுக்கான ஆளை நீங்களே உருவாக்க வேண்டும். மற்றவர்கள் மினுமினுக்கிற உடம்போடு இருபது வயதுக்காரர்களை உருவாக்குவார்கள். நான் நரைத்த தலையோடு ஒரு குண்டுப் பெண்ணை உருவாக்கினேன். கொடுத்த புள்ளிகளில் பாதியைப் பேச்சுத் திறமைக்கும் மீதியில் பெரும்பங்கைச் சுமக்கிற வலுவுக்கும் போட்டேன். நான் அப்படித்தான், பிறகு அவள் மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்க வேண்டும்? தோளில் ஒரு நீளத் துப்பாக்கி, இடுப்பு உறையில் ஒரு பிஸ்டல். நீளத் துப்பாக்கியில் ரவை முடிந்து ஆள் கிட்ட வந்துவிட்ட நேரத்தில் கை தானாகப் போகிற இடம் இடுப்பு. அங்கே இருப்பது எது என்பதுதான் கேள்வி.

அந்த ரிவால்வர் எனக்கு ஆரம்பத்திலேயே கிடைத்துவிட்டது. கிடைத்ததும் நான் என்ன செய்தேன்? எங்கள் சனம் செய்கிறதையே செய்தேன். பத்திரமாக எடுத்து வைத்தேன். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செற்றை முப்பது வருடமாகக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கைப்பிடி உடைந்த கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிற குடும்பம் இது. விளையாட்டில் எனக்கென்று ஒரு குடிசை இருந்தது, அதற்குள் ஒரு தகரப் பெட்டி. நல்லதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போனது. உண்மையான ஆபத்து வரட்டும், அப்போது எடுப்போம் என்று நினைத்தேன். ஒரு சுரங்கப்பாதையில் கொள்ளைக்காரர் நாலு பேர் சுற்றி வளைத்தபோது என் கையில் இருந்தது ஒரு கறிக்கத்தி. ரிவால்வரும் இருநூறு ரவையும் பெட்டிக்குள் சுகமாகக் கிடந்தன. சோபாவில் கிடந்த மனிசன் சிரித்தார். தையல் பிரியும், சிரிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெஞ்சில் தலையணையை அமத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பெட்டிக்கை வைச்சிட்டுச் சாகிறதுக்கோ அவ்வளவு பாடுபட்டனீர்?"

ரோஷம் வந்துவிட்டது. ரிவால்வரை எடுத்து இடுப்பில் வைத்தேன். அப்போதுதான் அதன் வண்டவாளம் தெரிந்தது. ஓர் அடி அடித்தால் எதிரி சுருண்டு விழுவான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் கை மேலே எகிறும். உறையிலிருந்து எடுக்கவே ஒரு யுகம் ஆகும். ஆறே ஆறு ரவை, முடிந்தால் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். நான் மூன்றாவதைப் போடுவதற்குள் என் நொண்டி நாய் குறுக்கே பாய்ந்து எனக்காகக் கடி வாங்கும். அந்த நாய்தான் விளையாட்டில் எனக்கு ஒரே துணை. நான் தெரிவுசெய்த மிகக் கடினமான ஆட்ட முறையில் அது ஒருமுறை செத்தால் செத்ததுதான், திரும்ப வராது.

பிறகு சைலன்ஸர் போட்டதைப் பார்த்தேன். சத்தமில்லை, அதேபோல் பலனும் இல்லை. மின்சாரத்தில் சுடுகிற ஒன்றும் இருந்தது. பார்க்க அழகு, ஆனால் பற்றரி தேடியே ஆயுள் போய்விடும். கடைசியில் விளையாட்டின் முதல் மணித்தியாலத்தில் கிடைக்கிற, எல்லாரும் வந்த விலைக்கு விற்றுவிடுகிற, கீறல் விழுந்த பொலிஸ் பிஸ்டலுக்கே திரும்பி வந்தேன். பன்னிரண்டு ரவை. நினைத்தவுடன் கைக்கு வரும். மகளுக்குப் போனில் சொன்னேன்.

"அம்மா, லிட்டரலி எவ்ரிபொடி ரிவால்வர்தான் யூஸ் பண்ணுறாங்க. அது ஸ்டார்ட்டர் கன்!"

"எவ்ரிபொடிக்கு இருவது வயசு, பிள்ளை. விளையாட்டிலை இருக்கிற என்ரை மனிசிக்கு மணிக்கட்டு நோகும்."

அவளுக்குச் சொல்லாத ஒன்றும் உண்டு. பதினேழு வயதில் ஊரில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடியில் என்னை மறித்து நிறுத்தினார்கள். எத்தனையோ பேர் நீளத் துப்பாக்கிகளோடு நின்றார்கள், அந்தத் துப்பாக்கிகளில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. கதிரையில் இருந்து என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரியின் இடுப்பு மட்டும் நினைவிருக்கிறது. உறையின் பொத்தான் கழன்றிருந்தது. அரை மணித்தியாலம் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடுப்பில் இருப்பது எதற்கென்று எனக்கு யாரும் பட்டியல் போட்டுக் காட்டத் தேவையில்லை.

எங்கள் வீட்டு முறை வந்தது. சொரூபத்தை எங்கே வைக்கலாம் என்று பார்க்கக் குழுவின் தலைவியும் இன்னொரு பெண்ணும் ஒரு புதன்கிழமை நாலு மணிக்கு வந்தார்கள். தலைவி எனக்குப் பத்து வயது மூத்தவர். பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறார். பிள்ளைப்பேறு, செத்தவீடு எதுவென்றாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர், நல்ல மனிசி. அவர்கள் மணி அடித்த நேரம் நான் விளையாட்டின் மிகக் கஷ்டமான இடத்தில் நின்றேன். ஒரு கோட்டை வாசல். காவல்காரன் நீளத் துப்பாக்கிகளை வாங்கி வைத்துவிடுவான். உறையில் இருக்கிற ஒன்றை மட்டும்தான் உள்ளே கொண்டுபோகலாம், போனால் முடியும்வரை திரும்ப முடியாது. நாலு பிஸ்டலையும் திரையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து, தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன். திரும்பி வந்தபோது தலைவி தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றார். திரை முழுக்க அந்தப் பொலிஸ் பிஸ்டல் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"இது ஆர் விளையாடுறது?"

"நான்தான் அக்கா."

"நீரோ? துவக்குக்குப் பயந்துதானே பிள்ளை நாங்கள் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். நீர் அதை மாதா வாற அறைக்கையே வைச்சிருக்கிறீர்."

தேத்தண்ணித் தட்டைப் படாரென்று மேசையில் வைத்தேன்.

"அக்கா, அங்கை எத்தினை துவக்குக்கு முன்னாலை கையைத் தூக்கிக்கொண்டு நிண்டனான். ஆராவது என்னைக் கேட்டவையோ? இது என்ரை கையிலை கிடக்கு. வேணுமெண்டால் சுடுவன், வேண்டாமெண்டால் நிப்பாட்டிப்போட்டுச் சோறு வடிப்பன்."

அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. "இதை வீட்டை விட்டு எடும், இனித் தொடமாட்டன் எண்டு சொல்லும். இல்லாட்டி மாதாவை வேறை வீட்டுக்குக் கொண்டுபோறம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டில் ஒன்று என்றால் நேர்த்தி முறியும் அல்லது நான் முறிய வேண்டும். நேர்த்தி வைத்தவள் நான், அதை முறிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் போன் எடுத்துப் பணிய மனம் வரவில்லை.

சனிக்கிழமை மாலை சொரூபம் வர வேண்டிய நாள். காலையில் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு விசேஷத்துக்குச் சமையல் வேலை இருந்தது. தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது குழுவின் வட்சப்பில் தலைவியின் செய்தி வந்தது. 'எங்கள் சகோதரி அந்த விளையாட்டுச் சாமானை விற்றுவிட்டார், மாதாவுக்கு நன்றி.' அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நான் எதையும் விற்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். கன்சோல் அலுமாரிக்கு மேல் சூட்கேசுக்குள், குளிக்கிற துவாயில் சுற்றிக் கிடந்தது.

"ஒம்பது நாள்தானேயப்பா," என்றார் என் கணவர். "உம்மடை நேர்த்தி நிண்டுபோகக்கூடாதெண்டுதான், வித்தாச்செண்டு அக்காவுக்குச் சொன்னனான். ஆக்கள் வந்தால் சாராயப் போத்திலை அரிசி மூட்டைக்குப் பின்னாலை வைக்கிறேல்லையோ? எல்லாரும் செய்யிறதுதானே."

"ஆக்களுக்கு ஒளிக்கலாம். மாதாவுக்கு முன்னாலை ஒம்பது நாள் பொய்யோடை முழந்தாளிலை நிக்க என்னாலை ஏலாது."

துவாயை அவிழ்த்து, கன்சோலைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்த இடத்திலேயே வைத்தேன். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தேன். மல்லிகை மாலையையும் மெழுகுதிரியையும் எடுத்து வைத்துவிட்டு, சேலை மாற்றினேன்.

ஆறு மணிக்குப் பாட்டுச் சத்தம் தெருவில் கேட்டது. தூறல். பத்துப் பன்னிரண்டு பெண்கள் மெழுகுதிரிகளைப் பிளாஸ்ரிக் கோப்பைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தலைவியின் கையில் சொரூபம். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். நான் வாசற்படியில் நின்றேன். பாட்டு நிற்கும்வரை பொறுத்திருந்தேன்.

"அக்கா, நான் அதை விக்கேல்லை. அந்த அறைக்கைதான் கிடக்கு. நாளைக்கும் விளையாடுவன். உங்களுக்கு வந்த செய்தி பொய். இதைத் தெரிஞ்சுகொண்டு மாதாவைக் கொண்டு வாறதெண்டால் வாங்கோ. என்ரை வீடு திறந்துதான் கிடக்கு."

பின்னால் கணவர் வந்து நின்றார். "பொய் சொன்னது நான் அக்கா. அவவுக்குத் தெரியாது."

தலைவி என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் கவலைதான் கூட இருந்தது, அது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. "இப்பவும் பிந்தேல்லை பிள்ளை. விடுறன் எண்டு ஒரு வார்த்தை சொல்லும்."

"மாட்டன் அக்கா."

அவர் திரும்பினார். பெண்களும் அவருக்குப் பின்னால் திரும்பினார்கள். கேற்றடியில் ஒருத்தி மட்டும் நின்று பார்த்துவிட்டுப் போனாள். சொரூபத்தின் நீலச் சால்வை, அவர்கள் தெரு மூலை திரும்பும்வரை தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு அழுதேன், நன்றாக அழுதேன். அழுதாலும் சொன்னதை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குக் கோட்டைக்குள் போனேன். பொலிஸ் பிஸ்டலோடுதான் போனேன். நாலு நாள் எடுத்தது. வெளியே வரும்போது மூன்று ரவை மிச்சம், நாயும் உயிரோடு. "லக் அம்மா" என்றாள் மகள். லக்காம்!

நேர்த்தியை நான் விடவில்லை. கோபத்தில் இருந்த அந்தச் சனிக்கிழமையே தொடங்கிவிட்டேன். சொரூபம் இல்லாத வெள்ளைத் துணிக்கு முன்னால் முழந்தாளிட்டு முதல் மணியைப் பிடித்தேன். செபமாலையில் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, கூடியிருக்கிறவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். முதல் பாதியைச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் நிறுத்தினேன். மறுபாதி சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லையே என்று நினைத்தபோது, கல்யாணம் கட்டிய நாள் முதல் செபமாலைக்கு வாய் திறக்காத மனிசன் சோபாவில் இருந்தபடி கரகரத்த குரலில் மறுபாதியைச் சொல்லத் தொடங்கினார். இடையில் மறந்து தடுமாறினார், திரும்பச் சொன்னார். ஒன்பது நாளும் சொன்னார். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று நான் மாதாவிடம் கேட்டது அந்தக் குரல் என் வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான்.