ஆறு மாடிக்கும் ஒரு குரல்

மேடத்தின் தலைமுடியில் ஒரு பள்ளம் இருந்தது. உச்சந்தலையின் குறுக்கே, காதுக்குக் காது, கட்டைவிரல் அகலத்தில். ஹெட்போனின் பட்டை வருடக்கணக்காக அழுந்தி உண்டான பள்ளம். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்தாலும் திங்கட்கிழமை காலையில் அது அப்படியே இருக்கும். நான் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்த அன்று, சீனியரான அவர் போர்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பள்ளம். முகத்தை வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

எழுபதுகளின் பிற்பாதி அது. மவுண்ட் ரோட்டில் ஆறு மாடிக் கட்டடம். ஊரறிந்த பெரிய நிதி நிறுவனம். கீழ்த்தளத்தில் டெபாசிட் வாங்கினார்கள், அதற்கு மேலே லாரிக் கடன், அதற்கும் மேலே பங்குகள், சட்டப் பிரிவு, உச்சியில் டைரக்டர்கள். எங்கள் அறை லிஃப்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாமல் இருந்தது. ஏர்கண்டிஷன் உண்டு, அது போர்டுக்காக வைத்தது, எங்களுக்காக அல்ல. வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. யாராவது போனில் "இங்கே ஒரே மழை" என்றால்தான் குடையைப் பற்றி யோசிப்போம். ஆறு மாடியிலும் யாருக்கு யார் பேச வேண்டுமென்றாலும் எங்கள் கை வழியாகத்தான் போக வேண்டும். ஆனாலும் எங்கள் முகம் யாருக்கும் தெரியாது.

நான் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவுப் பெண். படகில் ஏரியைக் கடந்து பழவேற்காட்டில் படித்தேன், பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய் டைப்ரைட்டிங் கற்றேன். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். வீட்டில் நைனா மட்டும்தான். வேலை கிடைத்ததும் எழும்பூரில் ஒரு பெண்கள் விடுதியில் கட்டில் பிடித்தேன். முதல் வாரம் போர்டில் நான் "ஹலோ" சொன்னதும் மேடம் காதிலிருந்து ஹெட்போனை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "கத்தாதேம்மா. ஏரிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்களைக் கூப்பிடற மாதிரி இருக்கு." எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையில் நான் அப்படித்தான் பேசக் கற்றிருந்தேன்.

மேடத்தின் குரல் வேறு ரகம். உயராது, தாழாது, காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல மெல்லப் படியும். பம்பாயிலிருந்தும் டில்லியிலிருந்தும் பேசுகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் கோபத்தைக் குறைத்துக்கொள்வார்கள். கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவர், கல்யாணமாகாதவர், புரசைவாக்கத்தில் ஒற்றை அறையில் இருக்கிறார் என்று மற்ற ஆபரேட்டர்கள் சொன்னார்கள். அவர் எதையும் சொன்னதில்லை. ஒரே ஒரு விதிதான் அவருக்கு: இணைப்பைக் கொடுத்ததும், நம் காதுக்குப் பேச்சைக் கொண்டுவரும் போர்டுச் சாவியை மூடிவிட வேண்டும், ஒட்டுக் கேட்கக் கூடாது. "அவங்க வீட்டு விஷயம் நமக்கு எதுக்கு?" என்பார். ஆனால் மூடுவதற்கு முன் காதில் விழுவதை என்ன செய்வது? யாருக்கு மனைவி தினமும் பேசுகிறாள், யாரைக் கேட்டு யாருமே கூப்பிடுவதில்லை என்பதெல்லாம் போர்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். மேடத்தைக் கேட்டு ஒரு அழைப்பும் வந்ததில்லை. போர்டே அவரிடம் இருந்தும் வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, கூட்டம் ஓய்ந்த பிற்பகலில், "உங்கப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ஊருக்குப் போய் இரண்டு மாதமாகியிருந்தது; தீவில் போன் கிடையாது; நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பழவேற்காட்டில் நைனா இறால் கொண்டுபோய்ப் போடும் பாய் கடையில் மட்டும் ஒரு போன் உண்டு என்றேன்.  அடுத்த சனிக்கிழமை மேடம் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் தனக்குத் தெரிந்தவரைப் பிடித்து பாய் கடைக்கு லைன் வாங்கி, என் பக்கம் பார்க்காமலே, "பேசு" என்றார்.

நைனா போனில் பேசியது அதுதான் முதல் தடவை. பாய் காதில் வைத்துக் காட்டியிருக்க வேண்டும். "ஏ கண்ணூ! துன்னியா?" என்று ஒரு சத்தம். எதிர்க்கரைக்குக் கேட்கும்படியான சத்தம். நான் ஹெட்போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன். மேடம் போர்டைப் பார்த்தபடியே இருந்தார்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் நைனா இறாலைப் போட்டுவிட்டு பாய் கடையில் காத்திருப்பார். காற்று மாறியது, மடவை மீன் பட்டது, வலை கிழிந்தது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். ஆபரேட்டர் சாவி திறந்திருந்தால் குரல் லேசாகக் கம்மும். எங்களுக்கு மட்டும் புரியும் வித்தியாசம் அது. நைனா பேசும்போதெல்லாம் குரல் கம்மியது. விதி சொன்னவரே கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, "மடவைக் குழம்புக்கு மாங்காய் போடுவீங்களாமே, அது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நைனா என்னிடம் சொன்னது அது. கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் சிவந்து, பாக்ஸை மூடினார். "நல்லா இருக்கும் மேடம்," என்றேன். சாவியைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

எனக்கு டைபாய்டு வந்து விடுதியில் கிடந்த ஒரு சனிக்கிழமை, நைனாவிடம் அவரே பேசியிருக்கிறார். விவரத்தை பாயிடம் சொல்லி வைத்திருக்கலாம். சொல்லவில்லை. நான் வேலைக்குத் திரும்பிய வாரம் நைனா சொன்னார்: "அந்தம்மா நல்லா பேசுது கண்ணு. ஒண்டியா கீதாமே? ஒருத்திக்கு எதுக்கு ஒலை வெக்கணும்னு சில நாளு பன்னு துன்னுட்டுப் படுத்துக்குமாம். இன்னா பொயப்பு அது?" அன்று குரல் கம்மவில்லை. மேடம் சாவியை மூடிவிட்டு வெளியே போயிருந்தார். அலுவலகத்தில் அத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத ஒரு மீன்பிடிக்காரரிடம் அவர் சொல்லியிருந்தார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. ஒரு டைரக்டர் பம்பாய்க்கு அவசரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது கிராஸ் டாக் ஆகிவிட்டது. ஏதோ பெரிய தொகையைப் பற்றிய பேச்சின் நடுவில் நைனாவின் குரல் புகுந்தது: "வாடைக் காத்து கெளம்பிடுச்சி கண்ணு, இன்னிக்கி ஒரு எழவும் படல!" பம்பாய்க்காரர் என்னவென்று கேட்டாராம். 

திங்கட்கிழமை எங்கள் இருவரையும் நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். "என் அப்பாவுக்குத்தான் சார், நான்தான் பேசினேன்," என்று நான் முந்திக்கொண்டேன். மேடம் என்னைத் தடுத்தார். "லைன் வாங்கினது நான். இந்தப் பொண்ணு கேக்கவே இல்ல. இவளுக்காக மட்டுமில்ல சார், எனக்காகவும்தான் வாங்கினேன்." அதிகாரிக்கு அது புரியவில்லை. "உங்களுக்கு அங்கே யார்?" என்றார். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாருமில்ல," என்றார்.

எனக்கு எச்சரிக்கையோடு போயிற்று. மேடத்தைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். கவர்களை மடித்து, ஒட்டி, முத்திரை குத்தும் வேலை. பக்கத்தில் போன் கிடையாது. போர்டில் புதிய பெண் உட்கார்ந்தாள். இரண்டு நாள் போனில் ஒன்றிரண்டு பேர் அவளிடம், "என்ன, தொண்டை சரியில்லையா?" என்று கேட்டார்கள். பிறகு அதையும் கேட்கவில்லை. ஒருநாள் லிஃப்டில் மேடமும் நானும் சட்டப் பிரிவுத் தலைவரும் போனோம். தினமும் பத்துத் தடவையாவது மேடத்திடம் லைன் கேட்டவர் அவர். மேடம், "குட் மார்னிங் சார்," என்றார். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். எங்கோ கேட்ட பாட்டை நினைவுபடுத்திக்கொள்வதுபோல நெற்றியைச் சுருக்கினார். பிறகு மாடி எண் எரியும் விளக்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பொங்கல் விடுமுறைக்கு, "எங்க ஊருக்கு வாங்க மேடம்," என்றேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். சின்னப் பெட்டியும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டுமாக சென்ட்ரலில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். மீஞ்சூர் தாண்டியதும் ஜன்னலோரம் மாறிக்கொண்டார். பொன்னேரியிலிருந்து பஸ். பழவேற்காட்டுப் படகுத்துறையில் நைனா எங்களுக்கு முதுகு காட்டியபடி படகுக்குள் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். கரையெல்லாம் மீன் ஏலத்தின் சத்தம். மேடம் என் தோளருகே நின்று, யாருக்கும் கேட்காத மாதிரி, "இதுதானா ஏரி?" என்றார்.

நைனாவின் கை நின்றது. என்னைப் பார்ப்பதற்கு முன்பே திரும்பி அவரைப் பார்த்தார்.

"தோ! நம்ம போன் அம்மா!"

 மேடம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நைனா அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிப் படகில் வைத்துவிட்டு, தோளைக் கொடுத்து ஏற்றினார். ஏரியைக் கடக்கும் நேரமெல்லாம் எதிரே கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், போனில் பேசுவதுபோலவே கத்திக் கத்திப் பேசினார். "நைனா, பக்கத்துலதான் இருக்காங்க," என்றேன். "அது எனக்குத் தெரியாதா?" என்று அதையும் கத்தித்தான் சொன்னார். மேடம் சிரித்தார். அந்தக் குரலில் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன்.

அதிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார். ஓய்வு பெற்றபோது, தபால் பிரிவில் அவர் சிறப்பாகப் பணியாற்றியதாகச் சொல்லி மாலை போட்டார்கள். போர்டைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்று அந்தக் கட்டடத்துக்கு வேறு பெயர். அங்கே போன் செய்தால் இயந்திரக் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது. யாரும் காது கொடுத்துக் கேட்காத குரல். அதுவும் யார் சொல்வதையும் கேட்பதில்லை.

எண்பதுகளின் கடைசியில், நான் போர்டில் இருந்தபோதுதான் மேடத்தைப் பற்றிச் செய்தி வந்தது. கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரி ஒருவர் பேசினார். காலையில் இறந்துவிட்டார், நாளை அடக்கம் என்றார். நான் மாடி மாடியாக, பிரிவு பிரிவாக எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "யாரு?" என்றார்கள். முன்பு போர்டில் பேசியவர் என்றேன். "ஓ, அப்படியா," என்று சொல்லிவிட்டு அவரவருக்கு வேண்டிய லைனைக் கேட்டார்கள். நான் கொடுத்தேன். பிறகு பாய் கடைக்குப் பேசினேன்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது வாசலில் பாயின் மீன் வண்டி நின்றது. சென்னைக்கு அதுவரை வராத நைனா, பண்டிகைக்கு உடுத்தும் வேட்டியோடு, மீன் வாசனையோடு நின்றிருந்தார். அலுவலகத்திலிருந்து நானும் தபால் பிரிவு பியூன் ஒருவரும்தான். பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்து, மண் போட்டாகிவிட்டது. நைனா நகரவில்லை. யாருக்கோ வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்று கேட் பக்கம் பார்த்தார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"போலாம் நைனா," என்றேன்.

"இரு கண்ணு. ஆறு மாடி ஆபீசுன்னியே," என்றார். அன்று மட்டும் அவர் கத்தவில்லை. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "மீதிப் பேரு வரட்டும்."