டைனோ சீட்டில் வந்த நூற்றெண்பது

ஜாபர் விராலிமலையில் கடை போட்ட அன்றைக்கே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. வேலை தெரிந்தவன், அதுதான் அவன் செய்த குற்றம்.

நான் பழனிவேல், லாரி மெக்கானிக். சொந்த ஊர் அன்னவாசல் பக்கம். இங்கே விராலிமலையில், மதுரை ரோட்டோரத்தில் முப்பது வருடமாக டீசல் இஞ்சின் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஜாபர் கோபாலப்பட்டினத்துக்காரன். வளைகுடாவில், பழைய அமெரிக்கக் கார்களுக்கு மட்டுமே வேலை பார்க்கும் ஒரு கராஜில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு வந்தவன். கடைத் தரைக்கு டைல்ஸ் போட்டிருந்தான். கையுறை மாட்டிக்கொண்டு ஸ்பேனர் பிடிப்பான். "ஆபரேசன் தியேட்டர்னு நெனப்பு" என்று டீக்கடையில் முதலில் கிண்டலடித்தவன் நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களே அடுத்த வாரம் அவனிடம் காரை விட்டார்கள்.

குவாரி முதலாளி ராசேந்திரனின் டிப்பர்கள் பதினொன்றும் என் கையில்தான். அப்படிப்பட்டவர், செட்டிநாட்டுப் பங்களா ஒன்றில் கிடந்த பழைய அமெரிக்கக் காரை வாங்கினார். வி-எட்டு இஞ்சின், அதில் சூப்பர்சார்ஜர் வேறு. லாரியில் இருக்கிற டர்போ, வெளியே போகும் புகையின் வேகத்தில் சுற்றும். சூப்பர்சார்ஜரை இஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்றும். ரெண்டுக்கும் வேலை ஒன்றுதான், சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது. எனக்குத் தெரியாத சமாச்சாரமா? ஆனால் முதலாளி காரை நேராக ஜாபர் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆறு மாதத்தில் கார் ஓடியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் உறுமலுக்கு மேலே 'ஙீ...' என்று சூப்பர்சார்ஜர் ஒரு சத்தம் போடும். என் கடையில் நின்ற லாரி டிரைவர்கள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் செல்ஃபி எடுத்தார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நம்புவீர்களா? இறங்கவில்லை.

180

முதலாளி ஆபீஸ் சுவரில் அந்தக் கார் புதிதாக வந்த காலத்து விளம்பரத் தாள் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அதில் 275 எச்பி என்று போட்டிருந்தது. பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லி வைத்திருந்தார். பழைய கார்கள் அணிவகுப்புக்குப் போகும்போது டைனோவில் எச்பி அளந்த சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. திருச்சிப் பக்கம் டைனோ வைத்திருக்கும் ஓர் இடத்துக்கு ஜாபரோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

காரின் பின்சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, முழு வேகத்தில் ஓடவிட்டு எச்பி அளப்பதுதான் டைனோ. ஜாபர் உட்கார்ந்து மிதித்தான். சீட்டு வந்தது. 180.

முதலாளி முகம் சுண்டிவிட்டது. "என்னப்பா இது? மிச்சம் தொண்ணூத்தஞ்சு குதிரை எங்கிட்டுப் போச்சு?"

"சரியாத்தாங்க இருக்கு" என்றான் ஜாபர். "அந்தக் காலத்துல இஞ்சினத் தனியா ஸ்டாண்டுல வச்சு, ஃபேன், டைனமோ, சைலன்சர் ஒண்ணுமில்லாம அளந்து போட்டதுங்க 275. இது சக்கரத்துல அளக்குறது. நடுவுல கியர்பாக்ஸு, ஆக்சிலு எல்லாம் அதோட பங்கைத் தின்னுரும்."

"சாக்குச் சொல்லாத."

ஜாபர் என் பக்கம் திரும்பினான். "பழனியண்ணே, நீங்க கம்பெனில டைனோ டிரெயினிங் எடுத்தவரு. நீங்களே சொல்லுங்க. சக்கரத்துல கொறச்சுத்தானே காட்டும்?"

லாரி கம்பெனிப் பயிற்சியில் பதினைந்து நாள் டைனோ பக்கத்தில் நின்றவன் நான். அதை டீக்கடையில் பீற்றிக்கொண்டவனும் நான்தான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. சீட்டுல என்ன இருக்கோ அதுதான்" என்றேன்.

ஜாபர் சீட்டை முதலாளி கையில் கொடுத்துவிட்டு, காரை உருளைகளிலிருந்து இறக்கப் போனான்.

திரும்பி வரும் வழியில் முதலாளி, "பழனி, காரை நீ எடுத்துக்க. 275 வரணும்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். அவ்வளவு சந்தோஷம்! ஒரு வாரத்துக்குள், ஜாபர் இஞ்சினில் ஏதோ கோல்மால் பண்ணிவிட்டான் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அவன் கடையில் நின்ற ரெண்டு கார்கள் வேறு இடத்துக்குப் போயின. அதையும் நான் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன்.

221

சூப்பர்சார்ஜரில் பெல்ட் ஓடும் புல்லியைச் சின்னதாகப் போட்டால் அது இன்னும் வேகமாகச் சுற்றும், காற்றழுத்தம் ஏறும், எச்பியும் ஏறும். லேத்தில் ஒரு புல்லி கடைந்து போட்டேன். பெட்ரோல் கூடுதலாகப் போக, கார்பரேட்டர் ஜெட்டையும் பெரிதாக்கினேன். டைனோவில் 204.

"இன்னும் எழுபத்தொண்ணு வேணுமே" என்றார் முதலாளி.

சக்கரத்தில் 275 வரவே வராது என்று அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால், அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார். இன்னும் சின்னதாக ஒரு புல்லி கடைந்தேன். டைனோவில் மூன்றாவது தடவை மிதிக்கும்போது இஞ்சினுக்குள்ளிருந்து கடகடவென்று, பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும் நாக்கிங் சத்தம். காது கேட்கிற எந்த மெக்கானிக்கும் அந்த இடத்தில் காலை எடுத்துவிடுவான். நான் எடுக்கவில்லை. கண் திரையிலேயே இருந்தது. 221 வந்தது. அதற்குள் வெளியே புகை மண்டிவிட்டது.

என் கடையில் வைத்து, முதலாளி முன்னாலேயே ரெண்டு பக்க ஹெட்டையும் கழற்றி, பிஸ்டன்களை உருவினேன். ரெண்டு பிஸ்டனில் ஓட்டை, விரலை விடலாம்.

முதலாளி குனிந்து பார்த்தார். "ஜாபர் போட்ட பிஸ்டன்தானே? அவன் மட்டமான மால் போட்டுட்டானா?"

தலையாட்டினால் போதும், நான் தப்பித்துவிடலாம். ஆனால் மிச்சம் ஆறு பிஸ்டன்கள் என் கண் முன்னால் இருந்தன. ரிங் உட்காரவைத்த நேர்த்தி, சிலிண்டர் உள்சுவரின் பாலிஷ், ஒவ்வொரு போல்ட்டிலும் டைட் பண்ணியதற்கு அடையாளமாக ஒரு மஞ்சள் புள்ளி. முப்பது வருடத்தில் நான் இப்படி ஒரு இஞ்சின் பூட்டியதில்லை. பொறாமைப்படுகிற அளவுக்கு இருக்கிற வேலையை மட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அவன் வேலைல ஒரு குத்தமும் இல்லைங்க" என்றேன். "அந்த நூத்தியெம்பது சரியான கணக்குதான். சக்கரத்துல அவ்வளவுதான் காட்டும். எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியுங்க."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதத்திலிருந்து டிப்பர்களும் வரவில்லை.

183

வெளிநாட்டிலிருந்து பிஸ்டன் வர நாலு மாதம் ஆயிற்று. பழைய புல்லியையே மாட்டி ஜாபர் மறுபடி பூட்டி முடித்ததும், "பழனியண்ணனும் டைனோவுக்கு வரட்டும்" என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். போனேன். போகாமல் எங்கே ஒளிவது?

சீட்டு வந்தது. 183. முதலாளி அதை என் கையில் கொடுத்து, "சரியா?" என்றார்.

"சரிதாங்க. பேப்பர்ல இருக்கிறது வெறும் இஞ்சினோட எச்பி, இது சக்கரத்தோட எச்பி. ஜாபர் அன்னைக்குச் சொன்னதுதான் நெசம்" என்றேன், டைனோக்காரருக்கும் கேட்கும்படி.

ஜாபர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பிஸ்டனு பொழச்சிருக்கும்ணே" என்றான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ரெண்டு விஷயம் சொல்வேன். எச்பி என்று யார் சொன்னாலும், எங்கே வைத்து அளந்தது என்று முதலில் கேளுங்கள். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லாதீர்கள். சொன்னால், அந்த இல்லாத தொண்ணூற்றைந்து எச்பியைக் கொண்டுவரும் வேலை உங்கள் தலையில் விழும்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அந்தக் கார் இன்றைக்கும் என் கடையைத் தாண்டித்தான் போகிறது. முதல் தடவை அவன் கையில் வந்தது 180. நான் கெடுத்த இஞ்சினை எடுத்துப் பூட்டி 183 கொண்டுவந்துவிட்டான். அந்த மூன்று எச்பி எப்படி வந்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பான். அதுதான் தாங்க முடியவில்லை.