மூளைக்காரம்மாவும் ஏழு சோதனைகளும்

இறைச்சிக்கூடத்தில் எல்லோரும் அவளை மூளைக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வாரம் இரண்டு நாள் பனிக்கட்டி வாளியோடு போய், வெட்டிய சூடு ஆறுமுன் பத்து ஆட்டு மூளைகளை வாங்கிவருவாள். ஆய்வுக்கூடத்தில் ரத்தம் ஊறிய மேல்சவ்வை விரலால் உரித்து, அரைத்து, குளிரறை இயந்திரத்தில் சுழற்றித் தெளியவைப்பாள். முதல் மாதம் வாந்தி எடுத்தாள். பதினாறு வருஷத்தில் பழகிவிட்டது. வீட்டுக்காரர்தான் அவள் பரிமாறினால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நரம்பணுவுக்குள் சாரம் கட்டினாற்போல நிற்கும் நுண்குழாய்களுக்காகத்தான் இத்தனை பாடு. சாற்றை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் அவை தாமாகக் கூடும். சாறு லேசாகக் கலங்கும். கால்சியத்தையும் அதைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தையும் சேர்த்தால் குழாய்கள் கலைந்து சாறு தெளிந்துவிடும். தன்னுடைய புது மருந்து அந்தப் புரதத்தின் கையைக் கட்டிப்போட்டு, குழாய்களைக் காப்பாற்றும் என்பது ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியரின் வாதம்.

ஏழு முறை செய்து பார்த்தாள். ஐந்து முறை மருந்து போட்டும் சாறு தெளிந்துவிட்டது. இரண்டு முறைதான் கலங்கல் நின்றது. அந்த இரண்டிலும் அவளே கைத்தவறாகக் கால்சியத்தைக் குறைவாகச் சேர்த்திருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, மருந்து போடாத சாறும் அன்றைக்குக் கலங்கித்தான் இருந்தது. தன் தப்பையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தாள்.

அச்சுக்குப் போகிற கட்டுரையைப் பார்த்தால், ஐந்தைக் காணோம். அந்த இரண்டு மட்டும் அழகான வளைகோடுகளாக நின்றன. மருந்து போடாததற்கு வேறொரு நாளின் அளவை ஒட்டியிருந்தார்கள். அடியில் அவளுக்கு நன்றி.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டாள். நேரே போய்க் கேட்டாள். மற்ற ஐந்திலும் அவள் சவ்வைச் சரியாக உரித்திருக்க மாட்டாள், அதைத் தான் பெரிதுபடுத்தவில்லை என்றார் பேராசிரியர். கேக் தின்றுகொண்டிருந்தார். கிரீம் ஒட்டிய விரலை நக்கி, அதே விரலால் அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினார்.

"ஐயா, என் பேரை எடுத்துடுங்க."

"நன்றிதானேம்மா போட்டிருக்கேன்?"

"அதுதான் வேண்டாங்கிறேன்."

குறிப்பேட்டின் பக்கங்களை நகலெடுத்து நிர்வாகத்துக்குக் கொடுத்தாள். விசாரிக்க வந்த மூவரில் இருவர் அவருடைய பழைய மாணவர்கள். அவள் என்ன படித்திருக்கிறாள் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோனார்கள். கட்டுரை வெளிவந்தது, அவள் பெயர் மட்டும் இல்லை. கண்ணாடிச் சாமான் கழுவும் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, வேறொரு ஆய்வுக்கூடத்தார் அந்தச் சோதனையைச் செய்துபார்த்தும் அதே முடிவு தங்களுக்கு வரவே இல்லை என்று எழுதியிருந்தார்களாம். அவர்களுக்கு மூளையை உரிக்கத் தெரியவில்லை என்று பேராசிரியர் பதில் போட்டாராம். கேட்டதும் காறித் துப்பவேண்டும்போல இருந்தது அவளுக்கு. எதிரே இருந்த தொட்டியை அப்போதுதான் தேய்த்துக் கழுவியிருந்தாள். விழுங்கிக்கொண்டாள்.