ரோசலினின் எலும்புகளுக்காக நான் செய்த ஜெபம்

என் மனைவியின் கையை முறித்தவன் நான். சபையில் சாட்சி சொல்ல எழுந்தவன் இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் பெரியகல்லாறு. நான் மேசன் வேலை செய்து ஓய்ந்தவன். ரோசலினுக்கு அறுபத்திரண்டு வயது. மூன்று வருடமாக முதுகு நோகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உயரம் குறைந்தது, கூனியும் போனாள். நான் நம்பவில்லை. வேலைக்குக் கள்ளம் என்றேன். பிள்ளைகளுக்கு முன்னால் அவளைப்போலக் கூனி நடந்து காட்டிச் சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

போன வருடம் லெந்து தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. அவள் கதிரையை விட்டு எழவில்லை.

"கொஞ்சம் பொறுங்க. முதுகு புடிச்சிட்டு."

"நடிச்சது போதும், எழும்பு."

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "விழுந்திட்டன்" என்றாள். அந்தப் பொய்க்கு நானும் தலையாட்டினேன்.

வைத்தியர் ஒரு இளம் பெண். முதுகையும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, அம்மாட முள்ளந்தண்டில ரெண்டு எலும்பு நசிஞ்சிருக்கு. இண்டைக்கு நேத்து நடந்ததில்ல. இவ்வளவு காலமும் உடைஞ்ச முதுகோடதான் திரிஞ்சிருக்கிறா."

வெளியே வந்து ஜெபித்தேன். இது பிள்ளைகளுக்குத் தெரியவரக் கூடாது, ஆண்டவரே. அதுதான் என் முதல் ஜெபம். அவளுக்காக ஒரு வார்த்தை இல்லை.

அவளை வார்டில் வைத்திருந்தார்கள். மறுநாள் போனபோது இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறு துணியில் சிந்தியிருந்தது. என்னைக் கண்டதும் அவசரமாக அதைப் போர்வையால் மூடினாள். எனக்குப் பயந்து. அந்த இடத்திலேயே முழந்தாளிட்டேன். "இவளுடைய எலும்புகளைக் காத்துக்கொள்ளும். என் கையிலிருந்தும் காத்துக்கொள்ளும்."

எழுந்து போய் வைத்தியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ரோசலினிடம் தனியாகப் பேசினார். கட்டு அவிழ்க்கும்வரை அவள் மகள் வீட்டில் இருந்தாள். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்தது.

முப்பத்தெட்டு வயதில் அவளுக்குக் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்திருந்தார்கள். அப்படியானவர்களுக்கு எலும்பு வயதுக்கு முந்தியே மெலியும், அப்போதே கவனித்திருக்கலாம் என்றார் வைத்தியர். அந்த நாட்களில் மீனில் நல்ல துண்டும் பாலும் எனக்குத்தான். அவள் சட்டியில் மிஞ்சிய குழம்போடு சாப்பிட்டாள்.

இப்போது அவள் மருந்து எடுக்கிறாள். பால் குடிக்கிறாள். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுகிறாள். காலை வெயிலில் பொல்லை ஊன்றி நடக்கிறாள். வழுக்குகிற கிணற்றடிக்கு நான் புதுச் சீமெந்து போட்டேன். முதுகு நிமிரவில்லை, இனி நிமிராது. ஆனால் ஒரு வருடமாக வேறு எலும்பு முறியவில்லை. கர்த்தருக்கு நன்றி.

இந்தச் சாட்சியைச் சொல்லட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"சொல்லுங்க. ஆண்டவர் உங்கள மன்னிச்சிருப்பார். நான் இன்னும் மன்னிக்கல்ல."

அதற்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் ஒருத்தி நோகுது என்று சொன்னால் நம்புங்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஜெபத்தோடு போங்கள், அவர் கைவிடமாட்டார்.