தூக்கிக்கிறேன்னு சொன்னவர்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தப் போவதில்லை. நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். எனக்குக் கதை கட்டத் தெரியாது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அந்த ஆகஸ்டில் என் மனைவி அனெட் இறந்துபோனாள். அதன் பிறகு எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் தெரியவில்லை. உடம்பு மொத்தமும் மரத்துப்போன மாதிரி இருந்தது. வேலைக்குப் போவேன், வருவேன், ஆறு வயது மகள் பேர்டிக்கு எதையாவது சூடு பண்ணிக் கொடுப்பேன். அவள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினால், "கை வலிக்குது கண்ணு, அப்புறம்" என்பேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அனெட்டின் அக்கா லொரெய்ன் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் பூசணிக்கா பறிக்கப் போகுது. உன் பொண்ணு டிவி முன்னாடி உக்காந்திருக்கு. எழுந்திரு, கிளேட்டன்."

"நீ கூட்டிட்டுப் போயேன்."

"நான் அவளுக்கு அப்பா இல்ல. ஷேவ் கூடப் பண்ண வேணாம், அப்படியே வா. சோளக்கொல்லை பொம்மைன்னு நினைச்சுக்குவாங்க."

ஜார்ஜியாவில் பெல்ஃபோர்ட் மாதிரிச் சின்ன ஊரில் அக்டோபர் வந்தால் குடும்பங்களுக்குப் போக்கிடம் ஊருக்கு வெளியே இருக்கும் அந்தப் பண்ணைதான். வைக்கோல் வண்டியில் ஒரு சுற்று வந்தோம். பேர்டி தன் தலையைவிடப் பெரிய பூசணிக்காயாகப் பார்த்து எடுத்தாள். லொரெய்ன் அவித்த வேர்க்கடலைப் பையோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பேர்டியும் மக்காச்சோளக் காட்டுக்குள் போனோம். இரண்டு ஆள் உயரச் சோளம். நடுவே வளைந்து வளைந்து வெட்டிய பாதை. வழி கண்டுபிடித்து வெளியே வர வேண்டும், அதுதான் விளையாட்டு.

வாசலில் நின்ற பெண் நீளக் கம்பில் கட்டிய ஆரஞ்சுக் கொடி ஒன்றைக் கொடுத்தாள்.

"வழி தப்பிட்டா தூக்கிப் பிடிங்க, காவல் மேடையிலேர்ந்து பார்த்துட்டு ஆள் வரும். பசிச்சா சோளத்தைக் கடிச்சிடாதீங்க. மாட்டுத் தீவனம் அது."

அப்போது மணி ஐந்து. நல்ல வெயில் இருந்தது. காய்ந்த சோளத் தாள்கள் சரசரத்துக்கொண்டே இருந்தன. வெளியே குழந்தைகள் கத்துவது கேட்டது. இரண்டு திருப்பம் தாண்டியதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கொஞ்சம் நடந்த பிறகுதான் கவனித்தேன். பேர்டி யாருடனோ பேசிக்கொண்டு வந்தாள்.

"யார்கிட்ட பேசற?"

"அந்தப் பக்கம் நடக்கறவருகிட்ட."

இடதுபக்கச் சோளத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கொடி தெரிந்தது. எங்களோடு சமமாக நகர்ந்து வந்தது. வேறு குடும்பம் என்று நினைத்தேன். நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. நான் கால் வைத்தால் தாள் நொறுங்கியது. அந்தப் பக்கம்... ஒரு சத்தமும் இல்லை.

பயந்திருக்க வேண்டும். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

"அவரு என்ன சொல்றாரு?"

"உன் கொடியக் கீழ வெக்கச் சொல்றாரு."

வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"அப்பா, அவரு என்னைத் தூக்கிக்கிறாராம். உனக்குக் கை வலிக்குமாம்."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. நாக்கு நுனிவரை 'சரி' வந்துவிட்டது.

தாள்கள் சரசரப்பது நின்றது.

"அப்பா... போகட்டுமா?"

திரும்பிப் பார்த்தேன். அவள் கை என் கையில் இல்லை. எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. சோளத்தைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தாள்.

அவள் குதிகால்கள் தரையில் இல்லை.

கட்டைவிரல் நுனி மட்டும்... மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வேண்டாம்" என்றேன்.

இடுப்பைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

மறுபடி இழுத்தேன்.

சட்டென்று கனம் முழுவதும் என்மேல் விழுந்தது. இருவரும் மண்ணில் கிடந்தோம். வெள்ளைக் கொடி மெல்ல இறங்கி, சோளத்துக்குள் மறைந்தது.

பேர்டியைத் தோளில் போட்டுக்கொண்டேன். ஆரஞ்சுக் கொடியைத் தூக்கிக் கத்தினேன். பண்ணை ஆள் ஒருவர் ஓடிவந்தார்.

"இன்னொருத்தர் உள்ளே இருக்கார்" என்றேன். "வெள்ளைக் கொடி. இதுக்கு அடுத்த பாதையில."

அவர் சோளத்தை விலக்கிக் காட்டினார். உள்ளே கை நுழைய இடமில்லை.

"இந்தப் பக்கம் பாதையே கிடையாதுங்க. நாங்க வெள்ளைக் கொடி குடுக்கறதும் இல்ல."

லொரெய்ன் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே காரை எடுத்தாள். அன்று இரவு முழுக்க நான் பேர்டியைக் கீழே இறக்கவில்லை. கை வலித்தது. பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு ஏதோ ஒன்று வலித்தது.

டிசம்பரில் பேர்டியின் ஷூ இறுக்கமாகிவிட்டது. கடைத்தெருவில் ஈவெட் வேலை செய்யும் கடைக்குக் கூட்டிப்போனேன். துணையை இழந்தவர்களுக்காக எங்கள் சர்ச்சில் நடக்கும் கூட்டத்தில் அவளைப் பார்த்திருக்கிறேன். அவள் கணவன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவள் மண்டியிட்டு, பேர்டியின் பாதத்தை அளவுத் தட்டில் வைத்தாள்.

"இப்படி வளர்ந்தா அப்பா எப்படித் தூக்குவார்?" என்று சிரித்தாள்.

"சோளக்காட்டுல ஒருத்தர் என்னைத் தூக்கிக்கிறேன்னாரு" என்றாள் பேர்டி. "அப்பாதான் வேண்டாம்னுட்டார்."

ஈவெட்டின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"உங்களுக்குக் கை வலிக்கும்னு சொன்னாரா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"போன வருஷம் அதே சோளக்காட்டுல என் பையன் டோபினும் கேட்டான், போகட்டுமான்னு. நான் ரொம்ப அசந்துபோயிருந்தேன். சரி, போன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"ஒண்ணும் ஆகல. வெளிய வரும்போது என் பக்கத்துலயேதான் வந்தான்."

கல்லாவுக்குப் பின்னால் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். ஏழு வயது இருக்கும். எங்கள் பேச்சு அவன் காதில் விழுந்திருக்கும். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சாப்பிடறான், ஸ்கூலுக்குப் போறான், சொன்னதைக் கேக்கறான்" என்றாள் ஈவெட். அளவுத் தட்டைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வாராவாரம் அவன் காலை இதுல வெச்சுப் பாக்கறேன், கிளேட்டன். போன வருஷ அக்டோபர்லேர்ந்து... ஒரு நூல்கூடக் கூடல."